கல்லூரித் தலைமைப் பொறுப்புக்கு வரும் பெண்கள் முதல் ஆண்டில் செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டில் உயர்கல்விக்கு வரும் பெண்களின் எண்ணிக்கையைப் பற்றிக் குறை சொல்ல இடமில்லை. 2021-22ஆம் ஆண்டின் அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் (உயர்கல்வி வயதினரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்ட சேர்க்கை) 28.4 விழுக்காடாக இருந்தபோது தமிழ்நாட்டின் விகிதம் 47 விழுக்காடாக இருந்தது. நாடு முழுவதும் கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களில் 43.4 விழுக்காட்டினர் பெண்கள் என்றும் அதே கணக்கெடுப்பு சொல்கிறது. ஆனால் வகுப்பறையில் காணப்படும் இந்தப் பங்கு, முதல்வர் அறையையும் துணைவேந்தர் அறையையும் நெருங்க நெருங்கச் சுருங்கிவிடுகிறது. மகளிர் கல்லூரிகள் இதற்கு விலக்கு. 1914இல் தொடங்கிய சென்னை இராணி மேரி கல்லூரியை டோரதி டி லா ஹேயும், அதற்கு அடுத்த ஆண்டு தொடங்கிய மகளிர் கிறித்தவக் கல்லூரியை எலினார் மெக்டூகலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் முதல்வர்களாக இருந்து நடத்தியிருக்கிறார்கள். இருபாலர் நிறுவனங்களின் கதை வேறு. வே. வசந்தி தேவி 1992 முதல் 1998 வரை திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்ததை இன்றும் தனித்து எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதே நிலைமையைக் காட்டும்.

இந்த வழிகாட்டி, கலை அறிவியல் கல்லூரியில் துறைத்தலைவராகவோ துணை முதல்வராகவோ முதல்வராகவோ அண்மையில் பொறுப்பேற்ற, அல்லது ஏற்கவிருக்கிற பெண்களுக்கானது. பாட அறிவும் கற்பித்த அனுபவமும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அவை போதாமல் தோற்றவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஓர் ஆண் முதல்வர் விடுப்பை மறுத்தால் ‘விதி அப்படி’ என்று விட்டுவிடுகிறவர்கள், ஒரு பெண் முதல்வர் அதையே செய்தால் ‘இந்த மேடம் ரொம்பக் கறார்’ என்பார்கள். அவர் விட்டுக்கொடுத்தால் ‘நிர்வாகம் தெரியாது, பாவம்’ என்பார்கள். இரண்டிலும் எடைபோடப்படுவது முடிவன்று, அவருடைய சுபாவம். சுபாவத்தை மாற்றிக்கொண்டு இதிலிருந்து தப்ப முடியாது. எந்த முடிவும் தனி ஆளிடமிருந்து பிறந்ததாகத் தெரியாமல், விதியிலிருந்தும் கோப்பிலிருந்தும் கூட்டத் தீர்மானத்திலிருந்தும் பிறந்ததாகத் தெரியும்படி நடத்துவதே பயன்தரும் வழி. பெண்களுக்கான தலைமைப் பண்புப் பயிலரங்குகளில் உடை, குரல், புன்னகை பற்றியெல்லாம் மணிக்கணக்கில் பேசுகிறார்கள்; ரொக்கப் பதிவேட்டை எப்படிப் படிப்பது என்று சொல்லித்தருவதைக் காணோம்.

பொறுப்பேற்கும்போது

முதலில் உங்கள் ஆணையை வரிவரியாகப் படியுங்கள். ‘பொறுப்பு முதல்வர்’ என்று மட்டும் இருக்கிறதா, பணம் பெற்று வழங்கும் அலுவலருக்குரிய அதிகாரமும் சேர்த்துத் தரப்பட்டிருக்கிறதா என்பது முக்கியம். அரசுக் கல்லூரியில் இந்த அதிகாரம் உரிய ஆணையின் வழியாக உங்கள் பெயருக்கு மாறி, அரசின் சம்பளப் பட்டியல்கள் தயாராகும் களஞ்சியம் மென்பொருளிலும் மாற்றம் பதிவாகவில்லையென்றால், மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் நின்றுவிடும். குற்றம் கருவூலத்தின் மேலோ அலுவலகத்தின் மேலோ போகாது. புதிதாக வந்தவரால்தான் சம்பளம் நின்றது என்று ஊழியர் அறையில் பேச்சு கிளம்பும். ஆகவே பொறுப்பேற்ற அன்றே அலுவலகக் கண்காணிப்பாளரை அழைத்து, எந்தெந்த வங்கிக் கணக்கில் யார் கையெழுத்து இருக்கிறது, எது மாற வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

அடுத்து, மாலை போட்டுப் படமெடுக்கும் சடங்கு முடிந்ததும், முன்னவரிடமிருந்து பெறும் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடாதீர்கள். ரொக்கப் பதிவேட்டின் இருப்பும் வங்கி அறிக்கையின் இருப்பும் ஒத்துப்போகின்றனவா, தீர்க்கப்படாத தணிக்கைத் தடைகள் எத்தனை, நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்குகள் எவை, ஓய்வூதியக் கருத்துரு அனுப்பப்படாமல் கிடப்பவர்கள் யார், ஆய்வகப் பொருள் இருப்புப் பதிவேடுகள் கடைசியாக எந்த ஆண்டில் சரிபார்க்கப்பட்டன என்ற ஐந்தையும் தனித்தனித் தாளில் கேளுங்கள். ‘அதெல்லாம் பழைய விஷயம் மேடம், போகப் போகப் பாத்துக்கலாம்’ என்ற பதில் வரும். வந்தால், ‘சரிபார்ப்புக்கு உட்பட்டுப் பெற்றுக்கொள்ளப்பட்டது’ என்று ஒரு வரி எழுதி, நாளிட்டுக் கையெழுத்திடுங்கள். பின்னாளில் தணிக்கை வரும்போது உங்களைக் காப்பாற்றப் போவது அந்த ஒரு வரிதான்.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிரித்தானியாவின் பெருநிறுவனங்களை ஆராய்ந்த மிஷெல் ரயன், அலெக்ஸ் ஹாஸ்லம் ஆகிய உளவியலாளர்கள், நிறுவனம் சரிவில் இருக்கும் வேளையில்தான் பெண்கள் உயர்பொறுப்புக்குக் கொண்டுவரப்படும் போக்கு இருப்பதாக 2005இல் எழுதினார்கள். நம் கல்லூரிகளிலும் அதன் சாயல் உண்டு. கல்லூரிக்குத் தரநிலை வழங்கும் தேசிய அமைப்பின் (நாக்) தரமதிப்பீட்டுக் குழு வருவதற்குச் சில மாதங்களே இருக்கும்போது, அல்லது ஆசிரியர்களுக்குள் இரு அணிகள் உருவாகி யாரும் நாற்காலியில் உட்கார விரும்பாதபோது, ‘நீங்கதான் எல்லாருக்கும் பொதுவான ஆள்’ என்று ஒரு பேராசிரியையிடம் பொறுப்பைக் கொடுப்பார்கள். அத்தகைய அழைப்பை மறுக்க வேண்டும் என்பதில்லை. ஏற்பதற்கு முன், கால வரம்பு எவ்வளவு, எந்தப் பணியிடங்கள் நிரப்பப்படும், எந்தக் கணக்கு யாரால் முடிக்கப்பட்டிருக்கும் என்பதை நிர்வாகத்திடமோ கல்லூரிக் கல்வி இயக்குநரகத்திடமோ எழுத்தில் கேட்டுவிடுங்கள். ஏற்பதற்கு முன்பு கேட்பதற்கு இருக்கும் மதிப்பு ஏற்ற பின்பு கேட்பதற்கு இல்லை.

முடிவுகளை எழுத்துக்குக் கொண்டுவருதல்

முதல் மாதத்தில் உங்களிடம் வரும் வேண்டுகோள்களில் பெரும்பாலானவை சிறியவை. காலை முதல் வகுப்பு வேண்டாம், வெள்ளிக்கிழமை மதியம் ஊருக்குப் போக வேண்டும், தேர்வுக் கண்காணிப்புப் பணியிலிருந்து விலக்கு வேண்டும் என்று வருவார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டு இரக்கத்தோடோ கண்டிப்போடோ தீர்த்தால், ஆறு மாதத்தில் உங்கள் இரக்கமும் கண்டிப்புமே கல்லூரியின் பேச்சாகிவிடும். அதற்குப் பதிலாக முதல் ஐந்தாறு வேண்டுகோள்களைக் கேட்டுக்கொண்டு, அவற்றை ஒன்றாக்கி ஒரு சுற்றறிக்கையாக எழுதுங்கள். ‘தற்செயல் விடுப்புக்கான விண்ணப்பம், வகுப்புகளை மாற்றிக்கொண்ட ஆசிரியரின் கையொப்பத்துடன் முந்தைய வேலைநாள் மாலை 4 மணிக்குள் துறைத்தலைவர் வழியாக வர வேண்டும், திடீர் உடல்நலக் குறைவுக்கு மட்டும் தொலைபேசித் தகவல் போதும், பணிக்குத் திரும்பிய அன்று விண்ணப்பம் தரப்பட வேண்டும்’ என்பது போல, விதிவிலக்கையும் விதிக்குள்ளேயே எழுதிவிட்டால், அடுத்து வருபவரிடம் மறுப்புச் சொல்ல வேண்டிய நிலையே ஏற்படாது. சுற்றறிக்கையை முதலில் மீற வருபவர் பெரும்பாலும் உங்களுக்கு மிகவும் நெருக்கமானவராக இருப்பார். அவருக்கு விலக்கு அளித்துவிட்டால் அந்தத் தாளை அன்றே கிழித்துப் போட்டுவிடலாம்.

உங்களுக்குப் பாடம் நடத்தியவரோ, பணிமூப்பில் உங்களைவிட மூத்தவரோ உங்கள் கீழ் பணியாற்றும் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மூரில் இது மிகவும் சாதாரணம். அவர் அறைக்குள் வந்தால் எழுந்து நில்லுங்கள். ‘ஐயா’ என்றோ ‘சார்’ என்றோ வழக்கம்போலவே அழையுங்கள். அவர் பத்துப் பேர் நடுவில் ‘என்னம்மா, இதையெல்லாம் இவ்வளவு பெரிசா எடுத்துக்கறே’ என்று ஒருமையில் பேசினால், அந்த இடத்திலேயே அவரைத் திருத்தப் போகாதீர்கள். சபையில் உங்களுக்குத்தான் நட்டம். ஆனால் அவர் துறையிலிருந்து வர வேண்டிய அகமதிப்பீட்டு மதிப்பெண் பட்டியல் குறித்த நாளில் வரவில்லை என்றால், மற்ற துறைகளுக்குப் போகும் அதே நினைவூட்டு, அதே சொற்களில், அதே நாளில் அவருக்கும் போக வேண்டும். நினைவூட்டுக்கும் பதில் இல்லையென்றால் குறிப்பாணை. அதில் ‘தாங்கள் எப்போதும் இப்படித்தான்’ என்பது போன்ற சொல் எதுவும் இருக்கக் கூடாது. எந்தப் பணி, எந்த நாளுக்குள் முடிந்திருக்க வேண்டியது, எத்தனை நாளில் விளக்கம் வேண்டும் என்ற மூன்றும் போதும். அவர் உங்களை எப்படி அழைக்கிறார் என்பதில் செலவழிக்கும் சக்தியைக் கோப்பு எந்த நாளில் வருகிறது என்பதில் செலவழியுங்கள்.

கூட்டத்தை நடத்துவது

தலைமைப் பொறுப்பிலிருப்பவரின் திறமை வெளியில் தெரியும் இடம் துறைத்தலைவர்கள் கூட்டம்தான். பெண்களின் குரல் காணாமல் போகும் இடமும் அதுவே என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பல கல்லூரிகளில் கூட்டம் கூடுவதற்கு முன்பே முடிவு எட்டப்பட்டிருக்கும். எதிரேயுள்ள டீக்கடையிலோ வாகன நிறுத்தத்திலோ நான்கைந்து மூத்த ஆண் ஆசிரியர்கள் பேசி முடித்திருப்பார்கள். கூட்டத்தில் நடப்பது அதன் அறிவிப்பு மட்டுமே. இதற்கு மருந்து, நீங்களும் டீக்கடைக்குப் போவதன்று. பொருள்நிரலை மூன்று நாளுக்கு முன்பே, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பத்தி விளக்கத்தோடும், எடுக்கவிருக்கும் முடிவின் வரைவோடும் எல்லாத் துறைகளுக்கும் அனுப்பிவிடுங்கள். கருத்து மாறுபடக்கூடியவர்கள் என்று நீங்கள் நினைக்கும் இரண்டு மூன்று பேரை, கூட்டத்துக்கு முன்பே, வேலை நேரத்தில், உங்கள் அறைக்கு அழைத்துக் கருத்துக் கேளுங்கள். எதிர்ப்பைச் சபையில் முதன்முதலாகக் கேட்பதைவிட அறையில் கேட்பது நல்லது. அவர் சொல்வதில் நியாயம் இருந்தால் வரைவைத் திருத்தவும் நேரம் கிடைக்கும்.

கூட்டத்தில் நடக்கும் ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் அகமதிப்பீட்டுத் தேர்வும் செய்முறைத் தேர்வும் ஒரே வாரத்தில் மோதுகின்றன, முன்னதை ஒரு வாரம் தள்ளிவைக்கலாம் என்று தாவரவியல் துறைத்தலைவர் சொல்கிறார். யாரும் தலை நிமிரவில்லை. ஒருவர் கைப்பேசியைப் பார்க்கிறார். பத்து நிமிடம் கழித்து வணிகவியல் துறைத்தலைவர், ‘இன்டர்னலை ஒரு வாரம் தள்ளிப் போட்டா என்ன?’ என்கிறார். ‘சார் சொல்றது நல்ல யோசனை’ என்று மேசையின் மூன்று பக்கமிருந்தும் குரல் எழுகிறது. தாவரவியல் பேராசிரியை ஒன்றும் சொல்லாமல் குறிப்பேட்டை மூடிக்கொள்கிறார். இந்த இடத்தில் தலைமை வகிப்பவர் கோபப்படவோ ஆண் ஆதிக்கம் பற்றிப் பேசவோ தேவையில்லை. நம் மன்றங்களில் காலங்காலமாக இருந்துவரும் முறையே கைகொடுக்கும்: ‘தாவரவியல் துறைத்தலைவர் முன்மொழிந்தார், வணிகவியல் துறைத்தலைவர் வழிமொழிகிறார், அப்படியே பதிவு செய்துகொள்ளுங்கள்.’ ஒரே வாக்கியத்தில் உரியவருக்கு உரியது சேர்ந்துவிடுகிறது; மற்றவருக்கும் மனவருத்தம் இல்லை. நான்கைந்து கூட்டங்களில் இப்படிச் செய்துவிட்டால், அடுத்தவர் சொன்னதைத் தன் யோசனையாகச் சொல்வதற்கு முன் எல்லோரும் ஒரு கணம் யோசிப்பார்கள்.

நடவடிக்கைக் குறிப்பும் அதே ஒழுங்கில் இருக்கட்டும். ‘விவாதிக்கப்பட்டது’ என்று முடியும் குறிப்பு எதற்கும் உதவாது. ‘தீர்மானம் 3: இரண்டாம் அகமதிப்பீட்டுத் தேர்வு ஒரு வாரம் தள்ளிவைக்கப்படுகிறது. முன்மொழிந்தவர் தாவரவியல் துறைத்தலைவர்; வழிமொழிந்தவர் வணிகவியல் துறைத்தலைவர். திருத்திய அட்டவணையை வெளியிடும் பொறுப்பு தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருடையது. முடிக்க வேண்டிய நாள் செப்டம்பர் 12’ என்பதுபோல் இருக்க வேண்டும். குறிப்பை இரண்டு நாளுக்குள் சுற்றுக்கு விட்டுக் கையொப்பம் பெறுங்கள். அடுத்த கூட்டத்தின் முதல் பொருள், முந்தைய தீர்மானங்களின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையாக இருக்கட்டும். குறிப்பெழுதும் வேலையை எப்போதும் வயதில் இளைய பெண் ஆசிரியரிடமே கொடுக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. கையில் பேனாவோடு உட்கார்ந்திருப்பவரால் விவாதத்தில் கலந்துகொள்ள முடிவதில்லை; அந்தப் பொறுப்பைத் துறைவாரியாகச் சுழற்சியில் விடுங்கள்.

பேச்சை இடைமறிப்பவர்களுக்கு ஓர் எளிய தீர்வு உண்டு. முக்கியமான பொருளில், மூத்தவரிடமிருந்து தொடங்காமல் பணிமூப்பில் கடைசியில் இருப்பவரிடமிருந்து கருத்துக் கேட்டு வாருங்கள். மூத்தவர் முதலில் பேசிவிட்டால் அதற்கு மாறாக யாரும் வாய் திறப்பதில்லை.

வேலைப் பங்கீடு

பட்டமளிப்பு விழாவுக்கான குழுப் பட்டியல்களைக் கையில் எடுத்துப் பாருங்கள். வரவேற்புக் குழு, கோலம், குத்துவிளக்கு, விருந்தினருக்குச் சந்தனம் கொடுப்பது, மேடை அலங்காரம் ஆகியவற்றில் பெண்களும், கொள்முதல், நிதி, கட்டுமானம், ஒழுங்கு நடவடிக்கை ஆகியவற்றில் ஆண்களும் இருப்பார்கள். மார்ச் 8 அன்று மகளிர் தினத்துக்குக் கோலப்போட்டி வைத்து அதற்கும் நடுவராகப் பேராசிரியைகளையே நிறுத்துவார்கள் என்பது வேறு கதை. தரமதிப்பீட்டு ஆவணங்களிலும் இதே நிலைதான். அளவுகோல்களுக்கான கோப்புகளை இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து தொகுப்பவர்களில் பெண்கள் அதிகம். வருகைக் குழுவுக்கு முன்னால் படக்காட்சியோடு விளக்குபவர் அநேகமாக ஓர் ஆணாக இருப்பார்.

லிண்டா பாப்காக்கும் அவருடைய சகாக்களும் 2017இல் அமெரிக்கப் பொருளாதார ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்ட கட்டுரை இங்கே பொருந்தும். யாரேனும் ஒருவர் செய்தாக வேண்டிய, ஆனால் செய்பவருக்கு லாபமில்லாத வேலைக்கு, ஆண்களும் பெண்களும் கலந்திருக்கும் குழுவில் பெண்களே அதிகமாக முன்வருகிறார்கள். அவர்களிடமே அதிகமாகக் கேட்கவும் படுகிறது. ஆண்கள் மட்டுமே உள்ள குழுவிலோ பெண்கள் மட்டுமே உள்ள குழுவிலோ அந்த வேறுபாடு காணப்படவில்லை. பெண் இருந்தால் அவர் பார்த்துக்கொள்வார் என்ற எதிர்பார்ப்புதான் காரணம் என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆகவே ‘யார் செய்கிறீர்கள்?’ என்று பொதுவில் கேட்பதை நிறுத்திவிடுங்கள். கேட்டால் கை தூக்குபவர் யார் என்று உங்களுக்கு முன்பே தெரியும்.

குழுக்களை இரண்டாண்டுச் சுழற்சியில் அமையுங்கள். ஒவ்வோர் ஆசிரியருக்கும் இரு பத்திகள் கொண்ட ஓர் அட்டவணை இருக்கட்டும்: பதவி உயர்வு விண்ணப்பத்தில் மதிப்பெண் பெறும் பணிகள் ஒரு பக்கம், பெறாத பணிகள் மறு பக்கம். அதை ஆசிரியர் அறையின் அறிவிப்புப் பலகையிலேயே ஒட்டிவிடுங்கள். இத்தகைய கணக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் சாட்சி. அங்கே உயிரியல் பேராசிரியையாக இருந்த நான்சி ஹாப்கின்ஸ், தனக்கு ஆய்வக இடம் குறைவாக ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லிச் சொல்லிப் பயனில்லாமல், 1990களில் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தன் சகாக்களின் ஆய்வகங்களைத் தானே அளந்தார். அதையொட்டிப் பெண் பேராசிரியர்கள் ஒன்றுசேர்ந்து முன்னெடுத்த முயற்சியின் விளைவாக, 1999இல் அந்த நிறுவனமே பாகுபாடு இருந்ததை ஒப்புக்கொண்டு அறிக்கை வெளியிட்டது. உங்கள் கல்லூரியில் அளக்க வேண்டியவை ஆய்வக இடம், கணினி, ஆய்வு மாணவர் ஒதுக்கீடு, பயிற்சிக்கு வெளியூர் அனுப்பப்பட்டவர் பட்டியல் ஆகியவை. பெண் ஆசிரியருக்கு நியாயம் செய்கிறேன் என்று அறிவித்துவிட்டுச் செய்யாதீர்கள். அட்டவணையை மட்டும் ஒட்டுங்கள், அதன்படி பங்கிடுங்கள்.

பணம்

‘கணக்கெல்லாம் நாங்க பாத்துக்கறோம் மேடம், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க’ என்ற பரிவான வாக்கியத்துக்கு அஞ்ச வேண்டும். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், ரொக்கப் பதிவேட்டோடும் பற்றுச்சீட்டுகளோடும் உட்காருங்கள். முதல் சில வாரங்கள் ஒன்றும் விளங்காது, அதனால் பரவாயில்லை. பர்சாரையோ (கல்லூரியின் நிதிப் பொறுப்பாளர்) கண்காணிப்பாளரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம், பல்கலைக்கழக மானியக் குழு நிதி, பெற்றோர் ஆசிரியர் கழக நிதி ஒவ்வொன்றும் எந்தத் தலைப்பில் வருகிறது, எதற்கு மட்டும் செலவிடலாம் என்று கேளுங்கள். அரசுக் கல்லூரியானால் 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப் புள்ளிகள் வெளிப்படைத் தன்மைச் சட்டத்தின் அடிப்படை விதிகளைத் தெரிந்துவைத்திருங்கள். மூன்று விலைப்புள்ளிகளும் ஒரே அச்சகத்தில் ஒரே எழுத்துருவில் அடிக்கப்பட்டு வந்திருந்தால், கேள்வி கேட்பதற்கு நிதி நிபுணராக இருக்க வேண்டியதில்லை. மார்ச் மாதக் கடைசி வாரத்தில் கட்டுக்கட்டாக வரும் பட்டியல்களில் அவசரத்துக்காகக் கையெழுத்திடாமல், டிசம்பரிலேயே மீதமுள்ள ஒதுக்கீட்டைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

பாலியல் துன்புறுத்தல் புகார்கள்

பெண் தலைவர் வந்துவிட்டால் மாணவியர் புகார்களையெல்லாம் அவரே ‘தாய்போலிருந்து’ பேசித் தீர்த்துவிடுவார் என்று எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். இதைவிட ஆபத்தான எதிர்பார்ப்பு இல்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றிய 2013ஆம் ஆண்டுச் சட்டமும், உயர்கல்வி நிறுவனங்களுக்கென்று பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறையும் உள்ளகப் புகார்க் குழுவுக்கே விசாரணை அதிகாரத்தைத் தந்திருக்கின்றன. மூத்த பெண் ஆசிரியர் ஒருவர் தலைவராக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும். ஆசிரியரல்லாத பணியாளர்களும் வெளி உறுப்பினர் ஒருவரும் இருக்க வேண்டும். புகார் மாணவர் சார்ந்ததானால் மாணவப் பிரதிநிதிகளும் சேர வேண்டும். துறைத்தலைவர், புல முதன்மையர் போன்ற உயர்நிர்வாகப் பொறுப்பிலிருப்பவர்கள் அதில் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று ஒழுங்குமுறை சொல்கிறது. எனவே புகாரை நீங்கள் விசாரிக்காதீர்கள்; குற்றம்சாட்டப்பட்டவரைத் தனியே அழைத்து எச்சரித்து அனுப்பாதீர்கள்; மாணவியின் பெற்றோரை வரவழைத்துச் சமாதானம் பேசாதீர்கள். எழுத்தில் புகாரைப் பெற்று, நாளிட்டு, அன்றே குழுவுக்கு அனுப்புங்கள். எழுதத் தயங்கும் மாணவிக்குப் புகாரை எழுத உதவுவது குழுவின் கடமை. விசாரணை 90 நாளுக்குள் முடிய வேண்டும். அறிக்கையின் பரிந்துரை மீது, மேல்முறையீடு இல்லாத நிலையில், 30 நாளுக்குள் நிறுவனம் நடவடிக்கை எடுக்க வேண்டும். உங்கள் தலைமையின் வலிமை வெளிப்பட வேண்டிய இடம் இந்தக் கடைசிக் கட்டம். பரிந்துரை வந்தபின் ‘அவருக்குக் குடும்பம் இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் அதிகம். அவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதில் அந்த 30 நாள் என்ற எண் மட்டுமே.

மொட்டைக் கடிதங்கள்

உங்களைப் பற்றிய மொட்டைக் கடிதமும் ஒரு நாள் வரும். ஆண் தலைவர் மீது வருவது பெரும்பாலும் பணம் பற்றியது. பெண் மீது வருவதில் ஒழுக்கமும் சேர்ந்துகொள்ளும். யார் எழுதினார்கள் என்று கையெழுத்தை ஒப்பிட்டுக்கொண்டு நாட்களைக் கழிக்காதீர்கள். தேதி, தொகை, பட்டியல் எண் என்று குறிப்பான குற்றச்சாட்டு இருந்தால், மண்டல இணை இயக்குநரோ நிர்வாகமோ கேட்பதற்கு முன்பே, உரிய கோப்பின் நகல்களோடு விளக்கத்தை அனுப்பிவிடுங்கள். ஒழுக்கம் பற்றிய இழிவுரைக்கு விளக்கம் எழுதவே கூடாது; எழுதினால் அது விவாதத்துக்குரிய பொருளாகிவிடும். மூலப் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப் குழுக்களில் பரவினால் திரைப்பிடிப்புகளை நாள், நேரத்தோடு சேமித்து, வழக்கறிஞரைக் கலந்துகொண்டு இணையக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள்.

வீடும் நேரமும்

இதைப் பற்றி வெளியில் ஏராளமான அறிவுரை கிடைப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். இரவு எட்டு மணிக்கு மேல் வரும் தொலைபேசிகளில் அவசரம் என்று சொல்லத்தக்கவை விடுதி, மருத்துவமனை, காவல்நிலையம் சார்ந்தவை மட்டுமே. மற்றவற்றுக்குத் துணை முதல்வரின் எண்ணைக் கொடுங்கள். வெளியூரில் நடக்கும் மாலைக் கூட்டங்களுக்குக் கல்லூரி வண்டியைக் கேட்பது சலுகையன்று. வீட்டு வேலை காரணமாகத் தாமதமாக வந்தேன் என்று ஒருநாளும் பொதுவில் விளக்கம் தராதீர்கள். ஆண்கள் யாரும் அப்படி விளக்கம் தருவதில்லை.

ஓராண்டு முடிந்தபின் எதை வைத்து மதிப்பிடுவது

மாணவர் கருத்துக்கேட்பு மதிப்பெண்களை மட்டும் நம்ப வேண்டாம். 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இணையவழிப் பாடம் நடத்திய இரண்டு ஆசிரியர்கள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், ஒரு பிரிவில் ஆணாகவும் மற்றொரு பிரிவில் பெண்ணாகவும் மாணவர்களுக்கு அறிமுகமானார்கள். விடைத்தாள்கள் ஒரே நேரத்தில் திருப்பித் தரப்பட்டபோதும், பெண் பெயரில் இருந்தவருக்கு ‘உரிய நேரத்தில் தருகிறார்’ என்பதற்கே குறைந்த மதிப்பெண் கிடைத்தது. உங்களுக்கும், உங்கள் கீழ் பணியாற்றும் பெண் ஆசிரியர்களுக்கும் வரும் மதிப்பெண்களை இதை மனத்தில் வைத்தே படிக்க வேண்டும்.

எண்ணிப் பார்க்கக்கூடியவற்றையே கேளுங்கள். தேங்கிக்கிடந்த ஓய்வூதியக் கருத்துருக்களில் எத்தனை அனுப்பப்பட்டன? முதலாண்டில் சேர்ந்து இரண்டாமாண்டுக்கு வராமல் நின்ற மாணவியர் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேரின் வீட்டுக்கு ஆசிரியர் ஒருவர் பேசினார்? 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் பெறத் தகுதியிருந்தும், ஆதார் வங்கிக் கணக்கோடு இணையாததாலோ பள்ளிச் சான்றில் பெயர் மாறியிருந்ததாலோ பெறாமல் இருப்பவர்கள் உங்கள் கல்லூரியில் எத்தனை பேர்? பொறுப்பு அலுவலரிடம் பட்டியல் இருக்கும். கேட்கும் முதல்வரைத்தான் காணோம். கொள்முதல் குழுவில் எத்தனை பெண்கள், வரவேற்புக் குழுவில் எத்தனை ஆண்கள்?

கடைசியாக, உங்களுக்கு அடுத்து வரக்கூடிய பெண்களின் கணக்கையும் எடுத்துவிடுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, முதல்வர் பதவிக்கு முனைவர் பட்டம், பேராசிரியர் அல்லது இணைப்பேராசிரியர் நிலை, கற்பித்தல், ஆய்வு, நிர்வாகம் ஆகியவற்றில் மொத்தம் 15 ஆண்டு அனுபவம், தரமான ஆய்விதழ்களில் குறைந்தது 10 கட்டுரைகள், 110 ஆய்வு மதிப்பெண் ஆகியவை வேண்டும். பெண்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது கடைசி இரண்டில்; குழந்தைகள் சிறியவர்களாக இருந்த பத்தாண்டில் எழுதாமல் விட்ட கட்டுரைகள் ஐம்பது வயதில் விண்ணப்பம் நிரப்பும்போதுதான் கண்ணில் படும். ஆகவே முப்பதுகளில் இருக்கும் பேராசிரியைகளின் ஆய்வு மதிப்பெண்ணை ஆண்டுதோறும் அவர்களோடு உட்கார்ந்து கணக்கிடுங்கள். கட்டுரை நின்றுபோன இடத்தில், ஒரு பருவத்துக்கேனும் கால அட்டவணையில் வாரத்துக்கு ஓர் அரைநாளை ஒதுக்கிக் கொடுங்கள். நீங்கள் விடுப்பில் போகும்போது, பொறுப்பைப் பார்த்துக்கொள்பவரிடம் அதை வாய்ச்சொல்லாகக் கொடுத்துவிட்டுப் போகாமல், கோப்புகளில் கையொப்பமிடும் அதிகாரத்தோடு எழுத்தில் கொடுங்கள். திரும்பி வந்தபின், அவர் எடுத்த முடிவுகளில் உங்களுக்குப் பிடிக்காதது இருந்தாலும், விதிக்கு மாறாக இல்லாதவரை, அதைத் திருத்தி எழுதாதீர்கள்.